வைஃபை கிடைக்கவில்லையா? வாருங்கள், தேனி வரை போய் வருவோம்



"சார், லேப்டாப் வீட்டு வைஃபையில் சேர மாட்டேன் என்கிறது. என்ன பண்றது?" இந்த ஒரு கேள்வியை இந்த மாதத்தில் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். இயற்பியல் வாத்தியாருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கைக்கு நன்றி. ஆனால் எனக்கு எதையும் ஒரு வரியில் சொல்லிப் பழக்கமில்லை என்பது பத்தாம் வகுப்பில் என்னிடம் மாட்டியவர்களுக்குத் தெரியும். பதிலோடு கொஞ்சம் வரலாறும் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

இது புதிய நோய் அல்ல. கம்பியில்லாமல் செய்தி அனுப்ப மனிதன் கற்றுக்கொண்ட நாளிலேயே, "அனுப்பினேனே, ஏன் போய்ச் சேரவில்லை?" என்ற கேள்வியும் பிறந்துவிட்டது. 1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ், சுவருக்கு அப்பால் மின்காந்த அலையை அனுப்பி ஒரு மணியை அடிக்க வைத்தார், கொஞ்சம் வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினார். அவர் ஆராய்ந்த அலைகளின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில் இருந்தது. உங்கள் வீட்டு வைஃபையின் பழைய வரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். அதாவது, நம் ரூட்டர் செய்கிற வேலையின் பெரிய பாட்டனார் வேலையைப் போஸ் 130 ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார். கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தால் அலையை உணரும் கருவிக்கு 1904இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. இந்தப் படிகம் மறுபடி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவன் குறுக்கே புகுந்து சிக்னலைக் கெடுப்பதும் பழைய கதைதான். சென்னைக்காரர்களுக்கு எம்டனைத் தெரியும். "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு நம் துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல். அது எப்படி முடிந்தது என்பது பலருக்குத் தெரியாது. நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்கப் போனது. விநோதமான கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று நிலையத்தார் வயர்லெஸ்ஸில் கூவினார்கள். எம்டன் தன் வயர்லெஸ்ஸால் மேலே மேலே இரைச்சலைப் போட்டு அதை அமுக்கப் பார்த்தது. முடியவில்லை. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த படைக்கப்பல் கூட்டத்துக்குச் செய்தி எட்டிவிட்டது. ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் வந்து எம்டனை அடித்துக் கரைதட்ட வைத்தது. இன்று நம் அடுக்குமாடிகளில் இருபது வீட்டு ரூட்டர்கள் ஒன்றின் மேல் ஒன்று பேசிக்கொள்கின்றன. யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. ஆனாலும் நடப்பது எம்டன் செய்த வேலைதான்.

சென்னையில் பொதுமக்கள் கைக்கு வயர்லெஸ் வந்தது 1924இல். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியில் அந்த மே மாதம் 16ஆம் தேதி சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31 முதல் ஒலிபரப்பு. டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 40 வாட், ஒரு பழைய குண்டு பல்பு அளவு! பிறகுதான் 200 வாட் ஆனது. அந்தக் காலத்து எளிய படிக ரேடியோவில் பேட்டரி கிடையாது. மொட்டைமாடியில் நீளமாக ஒரு கம்பி, தரையில் ஓர் எர்த் கம்பி, நடுவே ஒரு கலீனாப் படிகம். அதன்மேல் பூனை மீசை என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்த மெல்லிய ஊசிக்கம்பியை இங்கே தொட்டு, அங்கே தொட்டு, சத்தம் வரும் புள்ளியைத் தேட வேண்டும். யாராவது மேசையை இடித்தால் போச்சு, மறுபடி தேடல். ரூட்டரை அணைத்துப் போடுவது, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போவது எல்லாம் அந்தப் பூனை மீசையின் பேரப்பிள்ளைகள்.

கிளப் 1927 அக்டோபரில் பணமில்லாமல் மூடப்பட்டது. டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பியது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்களும் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கியில் கேட்டார்கள். ஒரு மாநகராட்சி, குடிநீர் கொடுப்பதுபோலப் பாட்டையும் கொடுத்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். 1938 ஜூன் 16 அன்று ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் வந்ததும் அந்தப் பொறுப்பு கைமாறியது.

இதற்கிடையே 1933இல் ஒரு சட்டம், இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருந்தாலே குற்றம். உங்களில் ஐம்பது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும், வீட்டு ரேடியோவுக்குக்கூடத் தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி ஒரு சின்னப் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டி வாங்க வேண்டும். 1980களில்தான் அது ஒழிந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வானலை சர்க்கார் சொத்து, தொட வேண்டுமென்றால் அனுமதி வேண்டும் என்பதே நம் நாட்டுப் பழக்கம். அப்படியிருக்க, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் லைசென்ஸ் இல்லாமல் ஓடுவது எப்படி?

அது ஒரு குப்பைமேட்டுக் கதை. 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலக மாநாடு, தொழிற்சாலை, ஆய்வுக்கூடம், மருத்துவமனைக் கருவிகள் கசியவிடும் அலைகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அதில் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்பும் இங்கேதான் வேலை செய்கிறது. இரைச்சல் மிகுந்த இடம் என்பதால் தொலைத்தொடர்புக்காரர்கள் யாரும் ஆசைப்படவில்லை. 1985 மே மாதம் அமெரிக்காவின் எஃப்.சி.சி., இந்த வரிசைகளில் குறைந்த சக்தியில், சிக்னலை அகலமாகப் பரப்பி அனுப்பினால் லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தது. அந்தக் குப்பைமேட்டில்தான் 1997இல் 802.11 என்ற தரநிலை முளைத்தது. 1999இல் அதற்கு வைஃபை என்று பெயர் வைத்தார்கள். பலர் நினைப்பதுபோல அது எதன் சுருக்கமும் இல்லை, விளம்பரத்துக்காக உருவாக்கிய பெயர். இந்தியாவில் முதலில் கட்டடத்துக்குள் மட்டும்தான் அனுமதி. 2005 ஜனவரி அறிவிப்பால்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் வெளியிடங்களிலும் லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிடப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018 அக்டோபரில் திறந்தது.

இனி தேனி.

டாக்டர் கோ. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பிறகு 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது உங்களுக்குத் தெரிந்த வரலாறு. ஓய்வு பெற்றபின் என்ன செய்வது என்று கேட்கும் என் சக ஆசிரியர்களிடம் நான் எடுத்துச் சொல்லும் பெயரும் அவருடையதுதான். மருத்துவமனை வளர்ந்தது, தேனிக்கும் கிளை வந்தது. ஆனாலும் ஒரு தொல்லை தீரவில்லை. கிராமத்தில் கண் மங்கிய ஒரு பாட்டி நகரத்து மருத்துவமனைக்கு வர ஒரு நாள் போகும். கூட வரும் மகனுக்கு ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவு தனி. வந்து பார்த்தால், தேவைப்பட்டது ஒரு கண்ணாடியாக மட்டும் இருக்கும். இதனால் பாதிப் பேர் கிளம்பவே மாட்டார்கள். கண் போகும்வரை வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

அதற்காகச் சிற்றூர்களில் சிறு கண் மையங்கள் வைத்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு நேராகப் பேசுவார். கண்ணாடி போதுமா, ஆபரேஷனுக்கு வர வேண்டுமா என்று அங்கேயே முடிவாகிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் வீடியோ ஓட இணைப்பு வேண்டுமே? 2005 வாக்கில் அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் வீடியோ தாங்கும் இணைப்பு எங்கே கிடைக்கும்!

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். வீட்டுக்குள் நூறு அடிக்கு மேல் தடுமாறுகிற அதே வைஃபையை மலைப்பக்கம் கிலோமீட்டர் கணக்கில் அனுப்புவது. எல்லாத் திசையிலும் சிதறும் சிக்னலைக் கூடை ஆண்டெனா வைத்து ஒரே திசையில் குவித்தால் போகும். தேனி மருத்துவமனையையும் ஐந்து கண் மையங்களையும் இணைக்க 11 ரூட்டர்கள், 9 இணைப்புகள். குட்டை இணைப்பு சுமார் ஒரு கிலோமீட்டர், ஆண்டிபட்டிக்குப் போகும் நீண்டது சுமார் 15 கிலோமீட்டர். 24 மீட்டர் முதல் 42 மீட்டர் வரை கோபுரங்கள். ஓரிடத்தில் கோபுரத்துக்குப் பதில் ஒரு நூற்பாலை வளாகத்துப் புகைபோக்கியே ஆண்டெனாவைத் தாங்கியது. இருப்பதை வைத்து வேலையை முடிக்கும் இந்தப் புத்திக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

கருவிகள் நல்லவை, ஆண்டெனா சரியான திசையில் இருக்கிறது. ஆனாலும் சாதாரண வைஃபை நீண்ட தூரத்தில் நொண்டியது. காரணம் அழகானது, இயற்பியல் பிடித்தவர்கள் கவனியுங்கள். வைஃபையில் ஒரு பொட்டலம் அனுப்பினால், வாங்கியவர் உடனே "கிடைத்தது" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அனுப்பியவர் தொலைந்துவிட்டது என்று எண்ணி மறுபடி அனுப்புவார். எவ்வளவு நேரம் காத்திருப்பார்? வீட்டுக்குள் இருக்கும் தூரத்தை மனத்தில் வைத்து, மைக்ரோ விநாடிக் கணக்கில்தான். ஒளி ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். 15 கிலோமீட்டர் போக 50 மைக்ரோ விநாடி, பதில் திரும்பி வர இன்னொரு 50. பதில் வந்து சேருவதற்குள் இங்கே இருப்பவர் பொறுமையிழந்து அதையே மறுபடி அனுப்பிவிடுவார். எதுவும் பழுதில்லை, ஆனால் எதுவும் நடக்காது. இதோடு, பேசுவதற்கு முன் யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்பது வைஃபையின் வழக்கம். அடுத்தவர் 15 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அவர் குரல் வந்து சேரும்முன் இவர் தொடங்கிவிடுவார்.

மாணவர்கள் கருவியை மாற்றவில்லை, மென்பொருளை மாற்றினார்கள். இவ்வளவு நேரம் நீ பேசு, அடுத்து இவ்வளவு நேரம் நான் பேசுகிறேன் என்று முறை வைத்தார்கள். கிடைத்தது என்ற பதிலையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இல்லாமல் மொத்தமாகச் சொல்ல வைத்தார்கள். கிராமத்துக் கிணற்றில் முறைத்தண்ணீர் இறைப்பதுபோல. இதே வழியில் 2007இல் வெனிசுலாவில் 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பைச் சோதித்துக் காட்டினார்கள். பாடியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் கிட்டத்தட்ட மதுரைக்குப் பக்கத்தில் போய்விடும் தூரம் அது.

இதுவரை புகழ்பெற்ற பகுதி. எனக்குப் பிடித்தது அடுத்த பகுதி. வேகத்தைச் சாதித்தபின், அந்த வலையை நாள் தவறாமல் உயிரோடு வைத்திருக்க என்ன பாடுபட்டோம் என்று அதே குழு 2008இல் தனியாக ஒரு கட்டுரை எழுதியது. அதில் குற்றவாளி அலை அல்ல, மின்சாரம். அவர்கள் கண்ட கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை தரமில்லாத மின்சாரத்தால் வந்தவை. 230 வோல்ட் வர வேண்டிய லைனில் நொடிப்பொழுதுக்கு 1000 வோல்ட் வரை எகிறுவதைக்கூட அளந்திருக்கிறார்கள். அடாப்டர் கருகும், போர்டு கருகும். இதைவிட மோசம் குறைந்த மின்னழுத்தம். ரூட்டர் முழுதாகச் சாகாது, முழுதாகப் பிழைக்காது. விளக்கு எரியும், வேலை நடக்காது. திடீர் திடீரென்று மின்சாரம் போய்வந்தால் உள்ளே இருக்கும் நினைவக அட்டையில் பதிந்தது கெடும். அதற்காக, மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானே துண்டித்து, சீரானதும் தானே மறுபடி இணைக்கும் சாதனத்தைச் சேர்த்தார்கள்.

இன்னொன்று. பெர்க்லியில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு, தேனிப் பக்கம் ஓர் இணைப்பு செத்திருக்கிறது என்று மட்டும் தெரியும். மின்சாரம் போனதா, காற்றில் ஆண்டெனா திரும்பியதா, யாரோ தரையைக் கூட்டும்போது ஒயரைப் பிடுங்கினார்களா, எதுவும் தெரியாது. கோபுரம் ஏறத் தெரிந்தவர் நகரத்திலிருந்து வர நாளாகும். அதுவரை அந்த மையத்துக்கு வரும் பாட்டிக்கு டாக்டர் இல்லை, அவர் திரும்பி நடக்க வேண்டியதுதான். எந்த விளக்கு எரிய வேண்டும், எது மினுக்க வேண்டும், எந்த ஒயர் எந்த ஓட்டையில் என்று அங்கே இருப்பவருக்குத் தெரிந்தால் பாதி வேலை போனிலேயே முடியும். படிப்படியாக அரவிந்த் ஊழியர்களே இதைக் கற்றுக்கொண்டு வலையின் அன்றாடப் பராமரிப்பைக் கையில் எடுத்தார்கள். இன்று அரவிந்துக்கு நூறுக்கு மேல் கண் மையங்கள் இருக்கின்றன.

சரி, உங்கள் லேப்டாப்புக்கு வருவோம். தேனியில் செய்ததைத்தான் செய்யப் போகிறோம். முதலில் கோளாறு எந்தத் துண்டில் இருக்கிறது என்று பிரிக்க வேண்டும். லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவே அலை ஒரு துண்டு. ரூட்டரிலிருந்து தெருக்கம்பம் வழியாகக் கம்பெனி வரை போகும் ஃபைபர் ஒயர் இன்னொரு துண்டு.

வீட்டில் இன்னொரு போனை எடுத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைக்க மறந்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. போனிலும் வராவிட்டால் லேப்டாப்பை விட்டுவிடுங்கள், அது நிரபராதி. ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். அதில் சிவப்பு விளக்கு மினுக்கினால் வெளியே ஒயரில் கோளாறு. நீங்கள் ஆயிரம் முறை பாஸ்வேர்டு அடித்தாலும் பயனில்லை, கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் மரங்களோடு சேர்ந்து ஒயர்களும் விழுந்தது நினைவிருக்கிறதா? வீட்டுக்குள் ரூட்டர் ஜம்மென்று எரியும், வைஃபை முழுசாகக் காட்டும், இன்டர்நெட் மட்டும் இருக்காது. வைஃபையும் இன்டர்நெட்டும் ஒன்றல்ல என்று எங்கள் தெரு முழுவதும் அப்போது பாடம் கற்றது.

போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை என்றால் கோளாறு அலைத்துண்டிலோ லேப்டாப்பிலோ இருக்கிறது. ஏரோபிளேன் குறி போட்ட பொத்தானில் கை பட்டிருக்கிறதா பாருங்கள். உங்கள் வைஃபை பெயரே பட்டியலில் தெரியவில்லை, பக்கத்து வீட்டுப் பெயர்கள் மட்டும் தெரிகின்றன என்றால், ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடலாம். பழைய லேப்டாப் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் கேட்கும். புது ரூட்டர் வாங்கிய வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. ரூட்டரில் 2.4ஐயும் திறந்துவிட்டால் தீர்ந்தது. பெயர் தெரிகிறது, சேரவில்லை என்றால் அந்தப் பெயரை லேப்டாப்பிலிருந்து மறக்கச் சொல்லி, பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுங்கள். சேர்ந்துவிட்டது, ஆனால் பக்கம் திறக்கவில்லை என்றால் லேப்டாப்பின் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை, லேப்டாப் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது ரூட்டரை அணைத்துப் போடுங்கள். தேதியும் நேரமும் தப்பாக இருந்தாலும் பல பக்கங்கள் திறக்காது. பேட்டரி செத்த பழைய லேப்டாப்பில் இதை முதலில் பாருங்கள்.

சமையலறை மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் அறுந்தால் காரணம் மேலே சொல்லிவிட்டேன். அடுக்குமாடியில் ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் நொண்டினால் அது எம்டன் வேலை. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். கூட்டம் குறைந்த ஒன்றுக்கு மாறுங்கள், முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். ரூட்டரை டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவின் மேலோ வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இறக்குங்கள். அலை காங்கிரீட்டில் நொந்துபோய் நுழையும், இரும்பில் நுழையவே நுழையாது.

விளக்கு எரிந்தும் உயிரில்லாமல் அடிக்கடி உறைந்துபோகும் ரூட்டர் என்றால் தேனியை நினைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரைக் குறை சொல்லும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பாதிக் கேஸ் அங்கேதான். ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளையோ, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரோ, போனில் டாக்டரைப் பார்க்கும் பெரியவரோ இருந்தால் ஒன்று வாங்கி வையுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் நம் கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் தண்ணீரும் இருட்டுமாகக் கிடந்தபோது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவின் குரல் கேட்க முடியாமல் தவித்ததைப் பார்த்தோமே.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். வெளியூரில் இருக்கும் மருமகன் வந்து பார்க்கட்டும் என்று காத்திருக்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் அம்மாவையோ பாட்டியையோ பெட்டி முன்னால் நிறுத்தி எந்த விளக்கு என்ன என்று சொல்லிக்கொடுங்கள். பெட்டிப் பக்கத்தில் ஒரு தாளில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். கம்பெனி போன் நம்பரும் உங்கள் கணக்கு எண்ணும் அதிலேயே இருக்கட்டும். எழுதும்போது கொட்டை எழுத்தில் எழுதுங்கள், கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.